குறிப்புக் கொப்பிக்கு எந்த விளையாட்டு?

அக்காவின் மகள் பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியில் ஆசிரியப் பயிற்சி பெறுகிறாள். கற்பித்தல் பயிற்சிக்காகப் பாடசாலை ஒன்றுக்குப் போகத் தொடங்கியதும், வகுப்பில் கண்டதை அன்றாடம் எழுதிவைக்க வேண்டும் என்று ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கினாள். எந்தப் பிள்ளை கடன் வாங்கிக் கழிப்பதில் தடுமாறுகிறது, எந்தக் கதையைச் சொன்னபோது வகுப்பு மூச்சுவிடாமல் கேட்டது என்றெல்லாம் எழுதினாள். முதல் வாரம் பன்னிரண்டு பக்கம். மூன்றாம் வாரம் நாளுக்கு ஒரு வரி. அதற்கப்பால் திகதி மட்டும் இருக்கிறது, கீழே வெறும் கோடுகள்.

"எழுதினால் புள்ளி, பரிசு என்று தருகிற செயலிகள் இருக்கின்றனவாமே மாமா, எதைப் போடலாம்?" என்று கேட்டாள்.

கேட்டது சரியான ஆளிடம்தான். தேயிலைத் தோட்டத்துச் சொற்களையும், லயம் என்கிற தொழிலாளர் வரிசைவீடுகளில் பெரியவர்கள் சொல்லும் கதைகளையும் குறித்துவைப்பது எனக்குப் பழக்கம். அந்தப் பழக்கம் அறுந்து அறுந்து போவதும் பழக்கம். அறுந்ததை மறுபடி முடிச்சிட வேண்டும் என்று கடந்த ஒன்றரை ஆண்டில் புள்ளிக்கணக்கு, கற்பனைப் போர்வீரன், நாட்காட்டி, மரம் வளர்க்கும் செயலி, பிஸ்கட் டின் என்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன். இவற்றில் எது அவளுக்குப் பொருந்தும் என்று சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் முதலில் அம்மாவின் கொழுந்துக்கூடையைப் பற்றிச் சொல்ல வேண்டியிருந்தது.

அம்மா முப்பது ஆண்டுகளுக்கு மேல் கொழுந்தெடுத்தவர். காலை, மத்தியானம், பின்னேரம் என்று நாளுக்கு மூன்று நிறுவை. குறித்த கிலோ வந்தால் முழுப் பேர். வராவிட்டால் அரைப் பேர், அதாவது அரைநாள் சம்பளம். கூடினால், கூடிய ஒவ்வொரு கிலோவுக்கும் மேலதிகக் காசு. ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போனால் கைக்காசு. இதற்கு மேல் வருகைக்கும் ஒரு கொடுப்பனவு இருந்தது. தோட்டக் கம்பெனிகளும் தொழிற்சங்கங்களும் செய்துகொண்ட 2016ஆம் ஆண்டுக் கூட்டு ஒப்பந்தத்தைப் பார்த்தால், 730 ரூபாய் நாட்சம்பளத்தில் அடிப்படை 500 ரூபாய்தான். உற்பத்தித்திறனுக்கு 140, வருகைக்கு 60, விலைப்பங்கு 30. வேலை கொடுத்த நாட்களில் 75 வீதம் வந்தவர்களுக்கே அந்த வருகைப் பணம். 2019இல் வருகை, உற்பத்தித்திறன் என்ற இரண்டையும் எடுத்துவிட்டு அடிப்படையை 700 ஆக்கினார்கள்.

புள்ளி, இலக்கு, தண்டனை, போனஸ், தொடர்வருகை எல்லாம் இதில் இருக்கின்றன. வேலையைப் புள்ளியும் பரிசும் உள்ள விளையாட்டாக்குவதைக் குறிக்கும் 'கேமிஃபிகேஷன்' என்ற சொல் பிறந்தது 2002இல். அதற்கு எத்தனையோ காலம் முன்பே எங்கள் பிரட்டுக்களத்தில், அதாவது காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் இடத்தில், அதன் உறுப்புகள் எல்லாம் வேலைசெய்துகொண்டிருந்தன. அங்கே அது விளையாட்டல்ல, வயிற்றுப்பாடு என்பது மட்டுமே வித்தியாசம்.

அம்மா சொன்ன ஒரு விஷயம்தான் இந்தக் கட்டுரைக்கு அளவுகோல். தராசுக்கு நிறை மட்டும்தான் தெரியும். இரண்டு இலையும் ஒரு மொட்டுமா, முற்றிய இலையா என்பது தெரியாது. பின்னேர நிறுவைக்கு இன்னும் இரண்டு கிலோ குறைகிறது, மழையும் இருட்டிக்கொண்டு வருகிறது என்றால், எவ்வளவு நல்ல கையும் முற்றிய இலைப் பக்கம் போகும். அதற்காகத்தான் கங்காணி கூடையைக் கிளறிப் பார்ப்பார். செயலிக்குள் கங்காணி கிடையாது. ஆகவே ஒவ்வொன்றிலும் நான் கேட்கிற முதற் கேள்வி, இது எதை நிறுக்கிறது என்பதே.

சொல்லுக்குப் புள்ளி

முதலில் நானே ஒரு சட்டம் போட்டேன். வேர்டில் எழுத வேண்டும். நூறு சொல்லுக்கு ஒரு புள்ளி. ஐம்பது புள்ளி சேர்ந்தால் ஹட்டன் கடைவீதியில் எனக்கு நானே ஒரு புத்தகம் வாங்கிக்கொள்ளலாம். முதல் இரண்டு வாரம் அமோக விளைச்சல்.

மூன்றாம் வாரம் ஒரு பெரியவர் சொன்ன கதையை எழுதிக்கொண்டிருந்தேன். 'மலையிலிருந்து இறங்கிவந்துகொண்டிருந்தபோது' என்று எழுதினேன். கீழே சொல்லெண்ணிக்கை இரண்டே இரண்டு கூடியது. சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒவ்வோர் இடமாக இடைவெளி விட்டேன்: 'மலையில் இருந்து இறங்கி வந்து கொண்டு இருந்த போது'. ஏழு. அதே வாசகம், அதே பெரியவர், அதே மலை. ஐந்து சொல் லாபம்.

ஆங்கிலத்தில் எழுதுகிறவருக்கு இந்த வசதி இல்லை. ஒட்டி எழுதினால் ஏழு சொல்லும் இரண்டாகிவிடுகிற நம் மொழியில், சொல்லை எண்ணிப் புள்ளி போடுவது ஈரக் கொழுந்தைத் தண்ணீரோடு நிறுப்பது போன்றது. தோட்டத்திலாவது தண்ணீருக்கென்று கழித்துக்கொள்வார்கள். நான் எனக்கே கழிக்கவில்லை. அந்த மாதக் குறிப்புகளை இப்போது எடுத்துப் பார்த்தால் நீளம் இருக்கிறது, சாரம் இல்லை. ஒரு கிழவியின் ஒரு பழமொழிக்கு அரைப்பக்க முன்னுரை.

அளவுகோலையே இலக்காக்கினால் அது நல்ல அளவுகோலாக நீடிக்காது என்பதை 1975இல் சார்லஸ் குட்ஹார்ட் என்ற பொருளியலாளர் பணக்கொள்கையைப் பற்றிப் பேசும்போது எடுத்துச் சொன்னார். அவர் பெயரிலேயே அதை விதி என்கிறார்கள். அம்மாவுக்கு அவரைத் தெரியாது. எனக்குத் தெரிந்திருந்தும் ஐந்து சொல் திருடினேன்.

எழுதவே கை வராதவர்களுக்கு, முதல் ஒரு மாதம் கை ஓடப் பழகுவதற்கு மட்டும் இந்த முறை சரி. அதற்குமேல் நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

உயிர் குறையும் விளையாட்டு

ஹாபிடிகா என்ற செயலி 2013இலிருந்து இருக்கிறது. இலவசமாகவே பயன்படுத்தலாம். அன்றாடக் கடமைகளைப் பட்டியலிட வேண்டும். செய்தால் அனுபவப்புள்ளியும் பொற்காசும் கிடைக்கும். உங்கள் குட்டிப் போர்வீரன் படிப்படியாக உயருவான். செய்யாவிட்டால் ஐம்பது உயிர்ப்புள்ளியில் கொஞ்சம் போகும். எல்லாம் போனால் ஒரு படி இறக்கம், சேர்த்த பொற்காசும் நட்டம். சுருக்கமாக, முழுப் பேரும் அரைப் பேரும் வாளும் கவசமும் போட்டுக்கொண்டு வந்து நிற்கின்றன.

இதன் உண்மையான பலம் கூட்டு. நான்கைந்து பேர் ஒரு குழுவாகச் சேர்ந்து ஓர் அரக்கனை எதிர்க்கலாம். அப்போது ஒருவர் தன் கடமையைத் தவறவிட்டால் அடி எல்லோருக்கும் விழும். தனக்காக எழுதாதவன்கூட, தன்னால் நண்பனுக்கு அடி விழக்கூடாது என்று இரவு பதினொரு மணிக்கு எழுந்து நான்கு வரி எழுதுவான். நான் எழுதினேன். எங்கள் குழுவில் பண்டாரவளையில் ஒருவர், மஸ்கெலியாவில் இருவர், பொகவந்தலாவையில் நான். ஆறு மாதம் இவ்வளவு ஒழுங்காக நான் வேறெதையும் செய்ததில்லை.

பிறகு 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தது. மலையகத்தில் எத்தனையோ இடங்களில் மண் சரிந்தது, பாதை அறுந்தது, மின்சாரமும் சிக்னலும் போயின. நாங்கள் கோவில் மண்டபத்தில் தங்கியிருந்தவர்களுக்குச் சோறு கட்டிக்கொண்டிருந்தோம். பத்தாவது நாள் கைபேசிக்கு உயிர் வந்ததும், பழக்கதோஷத்தில் செயலியைத் திறந்தேன். என் தொடர்நாள் கணக்கு பூச்சியம், உயிர்ப்புள்ளியும் இறங்கியிருந்தது. 'அன்றாடக் குறிப்பு எழுதவில்லை' என்பது குற்றப்பத்திரிகை.

செயலியைக் குறைசொல்ல முடியாது. சேதத்தை நிறுத்திவைக்கும் வசதி அதில் இருக்கிறது. ஆனால் அதைத் தட்டிவிட்டுத்தான் புயல் வரும் என்று எதிர்பார்க்க முடியுமா? அன்றைக்கே அதை அழித்துவிட்டேன். யோசித்துப் பார்த்தால் எரிச்சலுக்குக் காரணம் புள்ளி போனதல்ல. அந்தப் பத்து நாளில்தான் என் வாழ்நாளில் மிக முக்கியமான குறிப்புகளைப் பழைய பில்களின் பின்புறத்தில் எழுதியிருந்தேன். யார் எந்த லயத்திலிருந்து வந்தார்கள், யாருக்கு என்ன மருந்து, எந்தப் பாட்டி எதைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடிவந்தார் என்பதெல்லாம். தட்ட வேண்டிய பெட்டியில் நான் தட்டவில்லை, அவ்வளவுதான். ஹாபிடிகா குறிப்பை நிறுப்பதில்லை. நாம் பெட்டியில் போடும் சரிக்குறியை நிறுக்கிறது.

நாட்காட்டியில் ஒரு கோடு

செலவே இல்லாத வழி இது. புடவைக் கடையிலோ நகைக் கடையிலோ கொடுக்கும் நாட்காட்டியை மாட்டி, எழுதிய நாளில் ஒரு பெருக்கல் குறி போடுவது. குறிகள் சங்கிலியாக நீளும்போது அதை அறுக்க மனம் வராது. ஜெரி சைன்ஃபெல்ட் என்ற அமெரிக்க நகைச்சுவையாளரின் உத்தி என்று இதை உலகமெல்லாம் சொல்கிறார்கள். 2014இல் அவரிடமே கேட்டபோது, அது என் யோசனையே இல்லை என்று சிரித்துவிட்டார். உத்திக்கு அதனால் பங்கமில்லை.

பங்கம் வருவது சங்கிலியால்தான். நாற்பது நாள் போட்டவனுக்கு நாற்பத்தோராம் நாள் காய்ச்சல் வந்தால், அறுந்தது ஒரு நாள் அல்ல, நாற்பது நாளும் என்று தோன்றும். பிறகு நாட்காட்டிப் பக்கமே திரும்பமாட்டான். நிரலாளர்கள் வேலைசெய்யும் கிட்ஹப் தளம் பயனர் பக்கத்தில் காட்டிவந்த தொடர்நாள் எண்ணிக்கையை 2016இல் எடுத்தே விட்டது. வேலைசெய்த நாட்களைக் காட்டும் பச்சைக் கட்டங்கள் மட்டும் மிஞ்சின.

இங்கேதான் பழைய கூட்டு ஒப்பந்தம் எனக்குக் கைகொடுத்தது. செயலிகள் கேட்பது நூறு வீதம். கம்பெனிகள் கேட்டதோ 75 வீதம்! தோட்டத்து வருகைக் கணக்கைவிட என் கைபேசி கறாராக இருக்கிறது என்று கண்டபோது சிரிப்பு வந்தது. இப்போது என் நாட்காட்டிச் சட்டம் இதுதான்: முப்பது நாளில் இருபத்துமூன்று குறி இருந்தால் மாதம் பாஸ். ஏழு நாளுக்குக் காய்ச்சல், திருவிழா, சாவு வீடு, சும்மா இருத்தல் எல்லாம் அடங்கும். சங்கிலி அறுவது என்ற பேச்சே இல்லை. இந்தச் சட்டம் போட்ட பிறகு ஒரு மாதமும் தவறவில்லை, ஆடி மாதம் ஒன்றைத் தவிர. அந்த மாதம் இருபத்தொன்று.

ஆனாலும் நாட்காட்டி வருகையைத்தான் நிறுக்கிறது. 'இன்று மழை' என்று எழுதினாலும் ஒரு குறிதான். பொகவந்தலாவையில் ஜூன் முதல் செப்டெம்பர் வரை அப்படி எழுதிக்கொண்டே இருக்கலாம், பொய்யும் ஆகாது.

அன்கி, ஃபாரெஸ்ட் இரண்டையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அன்கி நினைவட்டைச் செயலி. அண்ட்ரொய்டில் இலவசம், ஐபோனில் காசு. டேட்டா இல்லாமலும் ஓடும். மறக்கப்போகிற நேரம் பார்த்து அட்டையை மீண்டும் நீட்டும். அன்றைய நிலுவையைப் பூச்சியமாக்குவதுதான் அதன் விளையாட்டு. பரீட்சைக்கு ஆண்டுகளும் பெயர்களும் வரைவிலக்கணங்களும் மனப்பாடமாக வேண்டும் என்றால் இதற்கு ஈடில்லை. ஆனால் 'அந்தப் பிள்ளை ஏன் இன்று பேசவில்லை' என்ற குறிப்பை அட்டையாக்கி மனப்பாடம் செய்து என்ன செய்வது? ஃபாரெஸ்ட்டில் கைபேசியைத் தொடாமல் இருக்கும்வரை ஒரு மரம் வளரும்; இடையில் வேறு செயலிக்குத் தாவினால் பட்டுப்போகும். கொப்பியில் பேனாவால் எழுதுகிறவருக்கு நல்ல காவல். கைபேசியிலேயே குறிப்பெழுதுகிறவருக்கு அவ்வளவாக உதவாது.

பிஸ்கட் டின்

இது செயலியே அல்ல. பழைய நாட்காட்டித் தாளை உள்ளங்கை அளவு வெட்டி, ஒரு தாளுக்கு ஒரு குறிப்பு என்று எழுதி, பிஸ்கட் டின்னில் போடுகிறேன். மாலையில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுப்பேன். என்ன வந்தாலும் அதில் இன்றைய திகதியிட்டு ஒரு வரியாவது சேர்க்க வேண்டும். சேர்க்க எதுவும் இல்லாவிட்டால் கிழித்துப் போடலாம். சட்டம் இவ்வளவே.

லொத்தர் சீட்டைச் சுரண்டும் கை எப்படித் துடிக்குமோ அப்படித் துடிக்கிறது. ஒரு நாள் 'கவ்வாத்து' என்ற சொல் வரும். தேயிலைச் செடியை வெட்டிவிடுவதற்கு நாங்கள் சொல்லும் சொல். முதலில் பொருளை மட்டும்தான் எழுதியிருந்தேன். இரண்டாம் முறை வந்தபோது, கவாத்து என்றால் படைப்பயிற்சி என்றும் அகராதி சொல்வதைக் கண்டு எழுதினேன். மூன்றாம் முறை, கவ்வாத்து வெட்டிய மலையின் விறகுக்காக லயங்களுக்குள் நடந்த ஒரு சண்டையை அம்மா சொன்னார். ஒரு தாள் இப்படியே இரண்டு பக்கமும் நிரம்பி, குண்டூசியில் இன்னொரு தாளைக் கட்டிக்கொண்டது. மற்றொரு நாள் 'மின் கட்டணம் கட்ட வேண்டும்' என்று வரும். கிழித்துவிடுவேன்.

இது ஏன் வேலைசெய்கிறது என்பதற்கு எனக்குப் பிடித்த விளக்கம் 1973இல் வெளிவந்த ஓர் ஆய்வில் இருக்கிறது. மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் மூவரும் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் ஒரு பாலர் பாடசாலையில், வண்ணப்பேனாவால் படம் வரைவதில் ஆசையுள்ள பிள்ளைகளை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பிரிவினரிடம் வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு பிரிவினருக்குச் சொல்லாமல் கொடுத்தார்கள். மூன்றாம் பிரிவுக்கு எதுவும் இல்லை. சில நாட்களுக்குப் பின் யாரும் எதுவும் கேட்காமல் பேனாவை வைத்துவிட்டுப் பார்த்தபோது, முன்கூட்டிச் சொல்லிப் பரிசு பெற்றவர்கள் வரைந்த நேரம் மற்றவர்களுடையதில் ஏறக்குறைய பாதி. எதிர்பாராமல் பரிசு பெற்ற பிள்ளைகளுக்கு ஆசை குறையவில்லை. புள்ளியும் பதக்கமும் முதலாம் வகை. டின் இரண்டாம் வகை. அதன் பரிசு எப்போது வரும் என்று எனக்கே தெரியாது, பரிசும் என் பழைய எழுத்துத்தான். தொண்ணூறாயிரம் அட்டைகள் சேர்த்த ஜெர்மன் சமூகவியலாளர் நிக்லாஸ் லூமானும், தன் அட்டைப்பெட்டி தன்னை வியக்கவைக்கிறது என்றே 1981இல் ஒரு கட்டுரையில் எழுதினார். புள்ளி கிடைக்கிறது என்று அவர் சொல்லவில்லை.

தராசுக் கேள்விக்கு வருவோம். டின் நிறுப்பது, எழுதிய குறிப்புக்குத் திரும்பி வந்தோமா என்பதை. ஏமாற்றவும் வழியில்லை. சாரமில்லாத குறிப்பை எழுதிப் போட்டால் அது ஒருநாள் என் கைக்கே வந்து என்னைப் பார்த்து விழிக்கும். கூடையைக் கிளறும் கங்காணி இதில் நானேதான்.

குறையும் உண்டு. முந்நூறு தாளுக்கு மேல் போனால் குறித்த ஒன்றைத் தேட முடியாது. மழைக்காலத்தில் தாள் பூக்கும், மை கசியும். இதற்காகவே நான் கைபேசியில் ஒப்சிடியன் என்ற குறிப்புச் செயலியையும் வைத்திருக்கிறேன். சொந்தப் பாவனைக்கு இலவசம். குறிப்புகள் சாதாரணக் கோப்புகளாக நம் கருவியிலேயே இருப்பதால் சிக்னல் தேவையில்லை. ஏதாவது ஒரு குறிப்பை எழுந்தமானமாக எடுத்துக்காட்டும் வசதி அதிலேயே இருக்கிறது. டின்னை அதற்குள் கொண்டுபோகலாம். கை உள்ளே போய்த் துழாவும் சுகம் மட்டும் வராது.

இவ்வளவையும் சொல்லிவிட்டு அவளுக்கு என் தீர்ப்பைச் சொன்னேன். பாடத்திட்டத்துக்கு அன்கி. வகுப்புக் குறிப்புக்குப் பிஸ்கட் டின், பக்கத்தில் இருபத்துமூன்று நாள் நாட்காட்டி. சொல்லெண்ணிக்கை வேண்டாம். ஹாபிடிகா அவளைப் போன்ற விடுதிப் பிள்ளைகளுக்கு ஒரு தவணைக்குப் பரவாயில்லை, நான்கு பேர் சேர்ந்தால். தனியாக என்றால் அதுவும் வேண்டாம்.

அவள் பாதியைத்தான் எடுத்துக்கொண்டாள். "தனியாக நாட்காட்டியில் குறி போட்டால் மூன்றாம் நாள் நான் நாட்காட்டியையே மறந்துவிடுவேன் மாமா" என்றாள். அதற்குப் பதிலாக அறைத் தோழிகள் மூவரையும் சேர்த்துக்கொண்டாள். அன்று எழுதாதவர் மற்றவர்களுக்குப் பிளேன்டீ ஊற்ற வேண்டும். இரண்டு பேர் எழுதாவிட்டால் ஒருவர் தேநீர், ஒருவர் கோப்பை கழுவுதல். அரக்கனும் வேண்டாம், டேட்டாவும் வேண்டாம். இது எனக்குத் தோன்றவில்லை.

டின்னை மட்டும் அப்படியே எடுத்துக்கொண்டாள். போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தபோது கொண்டுவந்திருந்தாள். என்னையே ஒன்றை எடுக்கச் சொன்னாள். எடுத்தேன். நீல மையில், 'மூன்றாம் வரிசை, சன்னலோரம். கூட்டல் பத்தைத் தாண்டினால் விரல்களை மேசைக்கடியில் ஒளித்து எண்ணுகிறான்.' அதன் கீழே கறுப்பு மையில், வேறொரு திகதியில், 'கல் கொடுத்தேன். வாங்கவில்லை.' அதற்கும் கீழே, 'இன்று மேசைக்கு மேலே எண்ணினான்.'

தாளைத் திருப்பினேன். மறுபக்கம் காலியாக இருந்தது. "அங்கே எழுத இன்னும் இருக்கிறது" என்று வாங்கி டின்னுக்குள் போட்டு, குலுக்கி, மூடிவிட்டாள்.